எந்த ஊர்ச் சேறு?

பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று இறங்கிவிட்டால் பெருமாட்டியில் விமானத்துக்குப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். மார்கழியும் தையும் அந்தக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஈரப் பூச்சில் ஒரு தூசு ஒட்டினால் போதும், 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய இறக்கையின் மேல் அது பாறாங்கல்லாகத் தெரியும். ஆனி, ஆடியில் வேறு தொல்லை. மழை ஈரத்தைக் குடித்து லாக்கர் பூச்சு வெளுத்துப்போகும். சித்திரை வெயிலில் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, சொரசொரப்பாகப் படியும். மிச்சமிருப்பது ஆவணியும் புரட்டாசியும்தான். நான் புரட்டாசியில் போனேன். மேசை நிறைய வேலை கிடந்தது.

வெளியூர்க்காரர்களுக்குப் பெருமாட்டி என்றால் பிளாச்சிமடைதான் நினைவுக்கு வரும். நிலத்தடி நீருக்காக ஒரு கிராமம் போராடியதும் 2004-இல் குளிர்பான ஆலை நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் தேடிப்போனது இரண்டு பேரை. ஒருவர் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் ‘பட்டாளக்காரர்’ என்றே பெயர். விமானப்படை வேறு பட்டாளம் வேறு என்று சொல்லிச் சொல்லிச் சலித்து விட்டுவிட்டாராம். மற்றவன் வண்டிப்பெரியாரிலிருந்து வந்து அவரிடம் விமான மாதிரி செய்யும் தொழில் பழகும் இளைஞன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அவரை ‘ஆசானே’ என்கிறான். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். “பேர் போட்டா நாளைக்கே பத்துப் பேரு ஓசியில பொம்மை கேட்டு வருவாங்க” என்றார் ஆசான்.

பட்டறை என்பது தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு சாய்ப்பு. உப்புத்தாள், பட்டி, தின்னர், சாமணம், பிளேடு, மீன் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு, பாதி எரிந்த மெழுகுவர்த்தி. ஈயக்குண்டு விமானத்தின் மூக்குக்குள் போகும். முன்சக்கரம் உள்ள விமானத்தில் மூக்குக் கனம் குறைந்தால் அது வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். மெழுகுவர்த்தி ஆன்டெனா கம்பி இழுக்க. உதிரிகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியைச் சுடரில் காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். அதை எனக்குச் செய்து காட்டியபோது அவர் கைகளில் வயதே தெரியவில்லை.

மேசையின் நடுவே ஒரு நாட் விமானம் இரண்டு துண்டாகக் கிடந்தது. 1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் சேகோன் பாகிஸ்தான் விமானங்களோடு தனியாக மோதியது இந்த ரக விமானத்தில்தான். பரம வீர சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவருடைய 18-ஆம் அணி 2020-இல் தேஜஸ் விமானங்களோடு, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூரில் மீண்டும் உயிர்பெற்றது. நாட் மாதிரி செய்யச் சொல்லி அவ்வப்போது யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை. வெகுகாலமாக எளிதில் கிடைத்து வந்த நாட் உதிரிப் பெட்டி ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்துடையது. அதில் இருப்பது பிரிட்டிஷ் ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு ஓட்டிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். சேகோன் ஓட்டியது ஒற்றை இருக்கைச் சண்டை விமானம். பயிற்சி விமானத்தின் நீளம் 9.68 மீட்டர், சண்டை விமானத்துக்கு 8.74. இறக்கை விரிவிலும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த அளவுகளை 72-ஆல் வகுத்துப் பாருங்கள். உடலில் 13 மில்லிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டும், இறக்கையில் மொத்தம் 8 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டினால் மட்டும் தீராது. மூக்கின் வளைவு வேறு, விமானியறைக் கண்ணாடி வேறு. செக் நாட்டு நிறுவனம் ஒன்று சரியான நாட்டையும் அதன் இந்திய வாரிசான அஜீத்தையும் சமீப ஆண்டுகளில் பெட்டியாகப் போட்டிருக்கிறது. அதை வாங்கலாமே என்றேன்.

“வாங்கலாம். வாங்கியும் வச்சிருக்கேன். ஆனா இதை வெட்டறப்பத்தான் எந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு கைக்கு ஞாபகம் வருதுங்க” என்றார். அவர் வேலை பார்த்தது அஜீத் விமானங்களில். அந்த விமானத்தின் வயிற்றுப் பலகைகளைக் கழற்றிக் கழற்றி மாட்டியவர். எந்தப் பலகையின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து, எந்தத் திசையில் வழிந்து, எங்கே போய்க் கறையாக நிற்கும் என்பது அவருக்குப் படம் பார்க்காமலே தெரியும்.

விமானத் தகடுகள் சேரும் கோடு இந்தத் தொழிலில் பெரிய சண்டைக்குரிய விஷயம். பெட்டிகளில் அந்தக் கோட்டைப் பள்ளமாகச் செதுக்கித் தருகிறார்கள். பள்ளத்தின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அசல் விமானத்தில் அது 14 மில்லிமீட்டருக்கு மேல் வரும். விரல் நுழையும் இடுக்கு! அப்படி ஒரு விமானம் பறந்தால் எடுத்த எடுப்பிலேயே தரையிறக்கிவிடுவார்கள். கணக்குப்படி அந்தக் கோடே தெரியக் கூடாது. ஆனால் கோடில்லாத மாதிரி கண்ணுக்குச் சோப்புக்கட்டியாகத் தோன்றுகிறது. ஆசான் பாதிக் கோடுகளைப் பட்டி வைத்து அடைத்துவிடுகிறார். தான் நிஜத்தில் திறந்து மூடிய பலகைகளின் கோட்டை மட்டும் விட்டுவைக்கிறார். போட்டிகளில் நடுவர்கள் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று பையன் சொன்னான். ஆசான் போட்டிகளுக்குப் போவதில்லை.

இந்த 72 எங்கிருந்து வந்தது? ஆறடி மனிதனை ஓர் அங்குலமாக்கினால் வருகிற கணக்கு. 1930-களில் பிரிட்டனில் மரத்தாலான விமான மாதிரிகளோடு அது பரவியது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி தருவதற்காக இதே அளவில் ஐந்து லட்சம் மர விமானங்களைச் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டது. விளையாட்டுச் சாமானாக நாம் நினைப்பது போர்க் கருவியாகவும் இருந்திருக்கிறது. டாங்கிகளுக்கான 35-இல் ஒரு பங்கு வந்த கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானில் ஷிஸுவோகா நகரின் டாமியா நிறுவனம், மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி 1960 வாக்கில் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அவர்களுடைய முதல் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி உடலைச் செய்துவிட்டுப் பிறகு அளந்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ வண்டி மாதிரிகளுக்கு அதுதான் முதன்மையான அளவு. பேட்டரி போன பிறகும் அளவு நிலைத்துவிட்டது.

ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கிக்கு ஏற்ற பெட்டி தனக்குக் கிடைத்ததேயில்லை என்றார் ஆசான். பல ஊர்களில் அந்த டாங்கி பீடமேறி நிற்கிறது. ஓர் ஊரில் அதை டேப்பால் அளந்துகொண்டிருந்தபோது காவலாளி வந்து, எடைக்குப் போடப்போகிறீர்களா என்று கேட்டாராம்.

பழையதைச் சீர்செய்யும் வேலை புதிதாய்ச் செய்வதைவிடக் கடினம் என்பதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் பழைய மூட்டைச் சும்மா பிரிக்க முடியாது. ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் மூட்டு நொறுங்கும் பதத்துக்கு வரும், பிளேடு முனையால் தட்டிப் பிரிக்கலாம். ஆசான் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வால் இருந்தது. வீட்டம்மாவின் கருத்தை நான் எழுதவில்லை. பழைய பெயின்ட்டைப் பிரேக் ஆயிலில் ஊறவைத்து உரிக்கிறார்கள். மஞ்சளித்த ஒட்டுப்படங்களைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுத்துவிடும். பெருமாட்டி இருக்கும் சித்தூர் தாலுகா வெயிலுக்கு அதிக நாள் பிடிப்பதில்லை. மங்கிப்போன விமானியறைக் கண்ணாடியைத் துலக்கப் பல் தேய்க்கும் பேஸ்ட்.

அப்படிச் சீர்செய்ய வந்திருந்த ஒரு ஸ்பிட்ஃபயரைக் காட்டினார்கள். ஏர்ஃபிக்ஸ் முதன்முதலாகப் போட்ட விமானமும் ஸ்பிட்ஃபயர்தான், ஆனால் இது அதற்குப் பிந்தைய அச்சு. கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்தில், காலமான தந்தை இளவயதில் செய்தது. இடது இறக்கையில், பசை பட்ட விரலை வைத்து அழுத்தியதில் பிளாஸ்டிக் இளகி அவருடைய ரேகை அப்படியே பதிந்திருந்தது. தேய்த்து எடுப்பதா, விட்டுவைப்பதா? பையன் தேய்க்கலாம் என்றான். ஆசானுக்குக் கை வரவில்லை. நானும் ரேகையின் பக்கம்தான் இருந்தேன், எழுதுகிறவன் வேறெந்தப் பக்கம் இருப்பான்? கடைசியில் மகளையே போனில் கேட்டார்கள். “எடுத்துடுங்க. அப்பாவுக்கே அது பிடிக்காது, பார்க்கறப்பெல்லாம் திட்டிக்குவாரு” என்றார் அவர். ஆசான் தண்ணீரில் நனைத்த நைஸ் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் ரேகை போய்விட்டது.

பையனின் தனி வேலை ஒரு ஜீப். 1965 செப்டம்பரில் கேம் கரண் பகுதியில் அப்துல் ஹமீது 106 மில்லிமீட்டர் பீரங்கி பூட்டிய ஜீப்பிலிருந்து பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்தார் அல்லவா, அந்தக் காட்சி. 35-இல் ஒரு பங்கு. பீரங்கிக் குழாய், சக்கரம், கரும்புத் தோகை எல்லாம் ஆயிற்று. ஆளுயரத்துக்கு மேல் நின்ற கரும்பு இங்கே ஏழு சென்டிமீட்டர். அழுக்கேற்றும் வேலையைப் பையன்தான் செய்திருந்தான். அதைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். பின்சக்கரம் சேற்றை எந்தக் கோணத்தில் வாரி அடிக்கும், ஏறி இறங்கும் கால் பட்டு எந்த விளிம்பில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும், ஸ்டீயரிங்கில் எந்த இடம் கைபட்டு மழமழப்பாகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கேட்டால், ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பில் தொங்கியபடி பள்ளிக்கூடம் போனவன் நான் என்றான். தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேறு தெரியும்.

ஆசான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “டேய், இது வண்டிப்பெரியார் சேறுடா. செம்மண்ணு. பஞ்சாப்புல ஏது செம்மண்ணு? அங்க வெறும் புழுதிதான். கழுவு.”

“ஆசானே, நிறம் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா புழுதி இல்லை, சேறுதான். அங்க நம்ம ஆளுங்க வயலுக்குத் தண்ணியத் திறந்துவிட்டாங்க. பாட்டன் டாங்கியெல்லாம் அதுலதான் புதைஞ்சுது.”

அவன் சொன்னது சரி. கேம் கரண் பகுதியில் நடந்த அந்த அசல் உத்தர் சண்டையில் வயல்களில் பாய்ச்சிய நீரில் டாங்கிகள் சிக்கிக்கொண்டது பதிவான வரலாறு. ஆசான் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆற்று வண்டலின் சாம்பல் கலந்த பழுப்புக்கு இறங்கி வந்தார். அதற்கு உண்மையான மண்ணை எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். வாசலில் பெருமாட்டியின் கரிசல் கிடக்கிறதே! பையன் சிரித்தான். மண்ணின் ஒரு மணல்துகள் 35 மடங்கு பெரிதானால் ஜல்லி. வேட்டித் துணியில் சலித்தாலும் வார்னிஷ் பட்டதும் நிறம் இருண்டுவிடும். சுண்ணக்கட்டியை அரைத்து, நிறப்பொடி கலந்து, தூரிகையில் தட்டுவதுதான் வழி. நிஜ மண் மாதிரி தெரிய வேண்டுமென்றால் அது மண்ணாக இருக்கக் கூடாது.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆட்கள் எரிந்து செத்த வண்டியை இவ்வளவு அழகாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பது சரியா என்று கேட்டேன். பையன் ஆசானைப் பார்த்தான். “நான் பார்த்தது போரை இல்லீங்க, பழுதைத்தான். காலையில வந்தா ஏதாச்சும் ஒண்ணு கெட்டுப்போயிருக்கும். அதைச் சரி பண்ணி வானத்துக்கு அனுப்பணும். ஆளு திரும்பி வரணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார். அந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை. ஆனாலும் அவர் செய்யும் விமானங்களில் வீழ்த்திய கணக்கைக் காட்டும் குறிகளையும் வெடிப்பையும் புகையையும் நான் பார்க்கவில்லை. கறையும் தேய்மானமும் ஒட்டுப்போட்ட தகடும்தான் இருந்தன.

இதில் சோறு வேகுமா? டாங்கியாலும் விமானத்தாலும் வேகாது என்றார்கள். பையனின் வருமானம் பஸ்ஸில். கேரளத்தில் தனியார் பஸ்ஸுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. பிவிசி ஃபோம் ஷீட்டை வெட்டி, ஃபெவிக்விக் வைத்து ஒட்டி, உள்ளே எல்இடி எரிய, ஹார்ன் உட்பட அப்படியே பஸ்ஸைச் செய்து வாங்குகிறார்கள். உரிமையாளர்களும் வாங்குகிறார்கள், அந்தப் பஸ்ஸில் போய்வந்த கல்லூரிப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். அதில் மிஞ்சும் ஷீட்டில் அவன் ஒரு ராணுவ டாட்ரா லாரி செய்துகொண்டிருக்கிறான். கஞ்சிக்கோட்டில் பெமல் ஆலை அந்த எட்டுச் சக்கர வண்டிகளைச் செய்கிறது. நெடுஞ்சாலையில் எதிர்ப்படும்போது பார்த்து மனதில் வாங்கிக்கொள்வதோடு சரி, போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது என்பது ஆசான் போட்ட சட்டம்.

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு பஸ் உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. முடிந்த பஸ்ஸின் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினார். சக்கர வளைவில் பையன் ஆசையாகப் பூசியிருந்த புழுதி அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டியைக் கழுவாமல் ஓட்டுகிறேன் என்று ஊர் பேசும் என்றாராம். ஃபுட்போர்டு விளிம்பில் மட்டும் கொஞ்சம் தேய்மானம் வைத்துக்கொள்ளட்டுமா என்று பையன் மலையாளத்தில் கெஞ்சிப் பார்த்தான். வேண்டாம், புது வண்டியாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவன் ஈரத்துணியைத் தேட, ஆசான் துண்டு துண்டாகக் கிடந்த நாட் பக்கம் திரும்பி மூக்கில் ஈயக்குண்டை அமுக்கத் தொடங்கினார். பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வண்டித்தாவளம் போய் நின்றால் கிடைக்கும் என்றான் பையன்.