பிள்ளையை ஃப்ரெண்டு வீட்டுல விட்டுட்டு டூட்டிக்குப் போறவங்களுக்கு

இங்கிலாந்துக்கு வேலைக்கு வர்ற நம்ம ஊர் டாக்டர், நர்ஸ் குடும்பங்கள்ல அடிக்கடி கேட்கிற கேள்வி: "ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட். ஃப்ரெண்டு பிள்ளையைப் பார்த்துக்கிறேன்னு சொல்றாங்க. இதுக்குமா சட்டம்?"

ஆமா, இதுக்கும் இருக்கு. நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல விதி வேற.

பகல்ல காசு வாங்காம பார்த்துக்கிட்டா எந்தப் பதிவும் வேண்டாம். காசு கைமாறினா கதை வேற. 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை, ஃப்ரெண்டு தன் வீட்டுல, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல, காசுக்குப் பார்த்துக்கிட்டா அவங்க சட்டப்படி சைல்ட்மைண்டர். ஆஃப்ஸ்டெட்லயோ சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலயோ பதிவு பண்ணணும். 'சும்மா கையில ஏதோ குடுக்கிறோம்'னாலும் அது கூலிதான். சாயங்காலம் 6 மணியில இருந்து ராத்திரி 2 மணி வரைக்கும் மட்டும்னா பதிவு தேவையில்லை.

"உன் பிள்ளையை நான், என் பிள்ளையை நீ"ங்கிற ஏற்பாடு? 2009-ல இரண்டு பெண் போலீஸ்காரங்க இப்படி மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டதையே ஆஃப்ஸ்டெட் 'பலன் வாங்குறது'ன்னு சொல்லிடுச்சு. பெரிய கூச்சல் ஆகி, அரசு விதியையே தளர்த்த வேண்டியதாச்சு. இப்போ இதுக்குப் பயப்பட வேண்டாம்.

நம்ம ஆட்கள் நிஜமாவே மாட்டுற இடம் வேற. ஊர்ல அப்பாவுக்கு முடியலைன்னு கிளம்புவோம். பிள்ளைக்கு ஸ்கூல் போகுமேன்னு ஃப்ரெண்டு வீட்டுல விடுவோம். இரண்டு வாரம்னு போனது ஒன்றரை மாசம் ஆகும். 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை (மாற்றுத்திறனாளின்னா 18), நெருங்கிய சொந்தம் இல்லாத ஒருத்தர் வீட்டுல 28 நாளோ அதுக்கு மேலயோ தங்கினா அது 'பிரைவேட் ஃபாஸ்டரிங்'. காசு வாங்கினாங்களா இல்லையாங்கிற கேள்வியே இல்லை. கவுன்சிலுக்கு 6 வாரம் முன்னாடியே சொல்லணும். திடீர்னு ஆயிடுச்சுன்னா உடனே சொல்லணும், பிள்ளை வந்த 48 மணி நேரத்துக்குள்ள. சோஷியல் வொர்க்கர் வந்து பார்ப்பாங்க. பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போக வர்றதில்லை, நல்லா இருக்கான்னு பார்க்கத்தான்.

குழந்தைகள் வார்டுல நான் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க பிள்ளைக்கு என்ன உறவு?" "சித்தி"ம்பாங்க. கூடப் பிறந்த சித்தியான்னு மறுபடி கேட்டாத்தான் ஃப்ரெண்டுன்னு தெரியும். பிள்ளை கூப்பிடுற முறை சட்டத்துக்குப் போதாது. (கூடப் பிறந்த சித்தியா இருந்தாலும் கையெழுத்து உரிமை தானா வராது, அது தனி.)

உயிருக்கு ஆபத்துன்னா யார் கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டோம். பிள்ளையைப் பார்த்துக்கிறவங்க அதோட நலனுக்கு நியாயமானதைச் செய்யலாம்னு 1989 குழந்தைகள் சட்டமே சொல்லுது. ஆனா அவசரமில்லாத ஆபரேஷன், தடுப்பூசி மாதிரி விஷயத்துக்கு அம்மா அப்பா சம்மதம் வேணும். நீங்க விமானத்துல இருந்தா நாங்க யாரைக் கூப்பிடுறது?

அதனால ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பிள்ளையை யார்கிட்ட, எந்தத் தேதி வரைக்கும் விட்டிருக்கீங்க, எந்த வைத்தியத்துக்கு அவங்க சம்மதம் சொல்லலாம், உங்க ஊர் நம்பர், ஜிபி பேரு. அலர்ஜியைத் தனியா, பெருசா எழுதுங்க. நிலக்கடலை ஆகாதுங்கிறது உங்க தலைக்குள்ள மட்டும் இருந்தா எனக்குப் பிரயோஜனமில்லை. லெட்டரோட அந்தச் சிவப்பு புக்கையும் பிள்ளை பையில வச்சிடுங்க.