காரையில் ஒரு பாலைவனம்

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நண்பர்கள் நாலு பேர், இரண்டு பைக்கில் பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போனோம். மரமில்லை, நிழலில்லை, கண்ணுக்கெட்டியவரை வெடித்த களிமண் மேடும் பள்ளமும்தான். ராஜஸ்தான் என்றே தோன்றும். ஆனால் இதை அறுத்தது காற்றல்ல, மழைநீர். மூடாக்கில்லாத களிமண்ணில் விரற்கடை அகலம் ஓடும் தண்ணீர், நாளாவட்டத்தில் ஆளுயரப் பள்ளமாகிவிடுகிறது.

தரையில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னியது ஜிப்சம். நிலக்கடலைக்கு 45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கிறோமே, அதேதான்! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. நத்தை வடிவ அம்மோனைட் கல்லுருக்கள் கிடக்கும். பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். உடன்வந்த நண்பர் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவருடைய மேட்டுக்கொல்லைச் சரிவில் போன ஐப்பசியில் விழுந்த கோடுகள் இப்போது முழங்கால் ஆழம். திரும்பும் வழியெல்லாம் குறுக்கு வரப்பு, வெட்டிவேர் நாற்று என்றே பேசிக்கொண்டு வந்தார்.