கோல்ட் ஹில்லில் தங்கிப்போன குறுவாள்

சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே, மலையடிவாரத்தைப் பார்த்துக் காரில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொலோமா வந்துவிடும். 1848 ஜனவரியில், மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்ட ஊர். வருகிறவர்கள் அந்தத் தங்கக் கதையைக் கேட்கத்தான் வருகிறார்கள். அங்குள்ள மாநிலப் பூங்காவின் சேகரிப்பில் அந்தக் கதையோடு ஒட்டாத இரண்டு பொருள்கள் இருக்கின்றன: ஒரு பட்டுக் கொடி, ஒரு குறுவாள்.

கொடியில் வட்டத்துக்குள் மூன்று இலைகள், நுனிகள் நடுவில் வந்து கூடும்படி. 1603 முதல் 1868 வரை ஜப்பானை ஆண்ட தோக்குகவா குலத்தின் இலச்சினை அது. அந்தக் குலத்தின் கிளையான ஐஸு பிரபுக்களும் அதே மூவிலைச் சின்னத்தைச் சூடியவர்கள். தங்க வேட்டைக்காரர்களின் மண்வெட்டிகளுக்கும் சல்லடைகளுக்கும் நடுவே அந்த இலைகள் எப்படி வந்து சேர்ந்தன என்று தேடப் போனால், பாதை பக்கத்திலுள்ள கோல்ட் ஹில் என்ற சின்னக் குன்றில் போய் முடிகிறது.

1868-ல் ஜப்பானில் போஷின் போர் மூண்டது. பேரரசரின் படை ஒரு பக்கம், தோக்குகவாவுக்கு விசுவாசமான பிரபுக்கள் மறுபக்கம். வடக்கே ஐஸு நாட்டின் பிரபு மட்சுடைரா கதமோரி ஒரு மாதம் முற்றுகையில் கோட்டையைக் காத்தார். அந்த ஆண்டு நவம்பரில் கோட்டை பணிந்தது. தோற்ற நாட்டில் மிச்சமிருந்தவர்களுக்கு வாழ வழி மங்கிப்போனது. ஐஸுவுக்கு ஆயுதம் விற்றுவந்த ஜான் ஹென்றி ஷ்நெல் என்ற பிரஷ்யர் அப்போதுதான் ஒரு திட்டத்தோடு வந்தார். அவர் ஜப்பானியப் பெண்ணை மணந்தவர். ஹிராமட்சு புஹெய் என்று ஜப்பானியப் பெயரும் பெற்றவர். கலிஃபோர்னியாவில் நிலம் வாங்குவோம், பட்டும் தேயிலையும் வளர்ப்போம் என்பதுதான் அந்தத் திட்டம்.

1869 மே மாதம் 'சைனா' என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோவில் கரை சேர்ந்தது. முந்தின ஆண்டே ஒரு ஜப்பானியக் கூட்டம் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போயிருந்தது. ஆனால் அமெரிக்கப் பெருநிலத்தில் ஒரு குடியிருப்பு அமைக்கவென்றே வந்த முதல் ஜப்பானியர்கள் ஷ்நெல்லின் ஆட்கள்தான். சாமுராய்களின் குடியேற்றம் என்று இதைச் சொல்வது வழக்கம். உண்மையில் உழவரும் தச்சரும் அதில் இருந்தார்கள். ஷ்நெல்லின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓகெய் என்ற பதினேழு வயதுப் பெண்ணும் வந்தாள். மூட்டையிலும் பெட்டியிலும் வந்தவற்றைப் பார்த்தாலே இவர்களின் எண்ணம் புரிந்துவிடும். சுமார் 50,000 முசுக்கட்டைக் கன்றுகள், மூட்டை மூட்டையாகத் தேயிலை விதை, பட்டுப்புழு முட்டைகள். கொள்ளையடித்துத் திரும்புகிறவன் கன்று சுமந்து வரமாட்டான். வேர் பிடிக்கத்தான் வந்தார்கள்.

கோல்ட் ஹில்லில் கிரேனர் என்பவரிடமிருந்து சுமார் 160 ஏக்கர் பண்ணையை வாங்கி, விட்டு வந்த கோட்டை நகரத்தின் நினைவாக 'வகமட்சு' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டே சாக்ரமெண்டோ விவசாயக் கண்காட்சியில் அவர்களின் விளைச்சல் பார்வைக்கு வந்தது. 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுவதும் ஜப்பானியர்கள் 55 பேர்தான். அதில் 22 பேர் இந்தக் குன்றில் இருந்தார்கள்.

பிறகு தண்ணீர் கைவிட்டது. மழை பொய்த்தது. சுரங்க வாய்க்கால்களிலிருந்து வந்த நீரில் இரும்பு உப்பு கலந்திருந்தது. அது இளந்தேயிலைச் செடிகளைக் கருக்கியது. ஊரிலிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. 1871-ல் ஷ்நெல் மனைவி மக்களோடு கிளம்பிப் போனார், திரும்பவே இல்லை. காலனி கலைந்தது. அதே ஆண்டு ஓகெய் காய்ச்சலில் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 19.

பண்ணைக்குப் பக்கத்தில் வீர்காம்ப் என்ற ஜெர்மானிய வழி விவசாயக் குடும்பம் இருந்தது. காலனி கலைந்தபோது நாதியற்றுப்போன ஓகெயையும் சகுராய் மட்சுனொசுகே என்பவரையும் அவர்கள்தான் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மட்சுனொசுகே 1901-ல் சாகும்வரை அந்தக் குடும்பத்தின் நிலத்திலேயே உழைத்தார். 1873-ல் அந்தப் பண்ணையும் வீர்காம்ப் குடும்பத்தின் கைக்கு வந்தது. கொடியும் குறுவாளும் அந்த வீட்டில்தான் பத்திரமாக இருந்தன.

இப்படிப் பத்திரமாக வைத்திருந்ததன் மதிப்பை உணர, 1942-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். பேர்ள் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு ஓட்டப்பட்டார்கள். சுமார் 1,20,000 பேர், அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அதற்கு முன்னாலேயே பல வீடுகளின் கொல்லையில் நெருப்பு எரிந்தது. தாத்தாவின் கடிதங்கள், குடும்பப் படங்கள், பொம்மைகள், ஜப்பானிய எழுத்துள்ள எல்லாமே எரிந்தன. வாளை மண்ணில் புதைத்தவர்கள் உண்டு. அதிகாரிகளிடம் ஒப்படைத்து அதன்பின் கண்ணால் காணாதவர்களும் உண்டு. முன்னோர் கொண்டுவந்த பொருளைத் தங்கள் கையாலேயே அழித்த அந்த இரவுகளின் வலியை எந்த அருங்காட்சியகத்தாலும் காட்ட முடியாது. வகமட்சுவின் கொடி தப்பியது, ஜப்பானியரல்லாத ஓர் அண்டை வீட்டார் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான்.

அமெரிக்க வீடுகளில் 'சாமுராய் வாள்' என்று சுவரில் தொங்குபவை ஏராளம். அவற்றில் பெரும்பங்கு 1945-க்குப் பின் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்தவை. தொழிற்சாலையில் செய்த ராணுவ வாள்களும் அதில் கலந்திருக்கும். எது எந்தக் காலத்தது என்று தேர்ந்தவர்கள் பார்க்கும் விதம் தனி. அலகின் பளபளப்போடு நிற்காமல், பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் பார்க்கிறார்கள். பிடியில் செருகிய சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். உள்ளே அலகின் வால், துருவேறிய வெறும் இரும்பு. கொல்லன் தன் பெயரைக் கொத்துவது அதில்தான். பெயர் இல்லாத வாள்களும் நிறைய உண்டு. அங்கே துருவின் நிறமே வயதைச் சொல்லும். பழைய துரு கருத்து, ஆழ்ந்து, இரும்போடு ஒன்றிப்போயிருக்கும். விஷயம் தெரியாதவர்கள் 'சுத்தம் செய்கிறேன்' என்று அதைத் தேய்த்துவிடுவார்கள். தேய்த்ததோடு சரி, வாளின் பிறப்புச் சான்று போயிற்று.

கோல்ட் ஹில் குறுவாளின் பெருமை அலகில் மட்டும் இல்லை. எந்தக் கப்பலோடு, எந்தப் பண்ணையோடு, எந்த வீட்டோடு அது சேர்ந்தது என்று விட்டுப்போகாமல் சொல்ல முடிகிறது. பழம்பொருள் கடையில் அதைவிட அழகான வாள் கிடைக்கலாம்; இந்த வரலாறு கிடைக்காது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காத தடங்களும் இருக்கின்றன. மசுமிசு குனினொசுகே என்ற குடியேறி 1877-ல் கேரி வில்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணை மணந்தார். 1915-ல் மறைந்தார். அவர்களின் சந்ததி கலிஃபோர்னியாவில் தழைத்தது. ஐஸுவிலிருந்து வந்த அந்தக் கூட்டத்தின் ரத்தம் இன்று கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களில் ஓடுகிறது. வாள் தேடி வருகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுவது வருத்தமான விஷயம்.

1969-ல், நூற்றாண்டு நிறைவின்போது, கலிஃபோர்னியா இந்தக் குடியிருப்பு இருந்த இடத்தை மாநில வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ரொனால்ட் ரேகன் அப்போது ஆளுநர். 2010-ல் பண்ணையை உள்ளடக்கிய 272 ஏக்கர் நிலத்தை வீர்காம்ப் குடும்பத்திடமிருந்து அமெரிக்கன் ரிவர் கன்சர்வன்சி என்ற அமைப்பு வாங்கியது. அதனால் நிலம் மனைகளாகத் துண்டாடப்படாமல் தப்பியது. கிரேனரின் பழைய வீடு நிற்கிறது. அதன் பக்கத்தில் குடியேறிகள் நட்ட கெயாகி மரமும் நிற்கிறது. தேயிலையும் முசுக்கட்டையும் பொய்த்த மண்ணில் இந்த ஜப்பானிய மரம் மட்டும் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிவிட்டது.

குன்றின் மேல் ஓகெயின் கல். முன்பக்கம் ஆங்கிலத்தில் அவள் பெயர், இறந்த ஆண்டு, வயது, 'ஒரு ஜப்பானியப் பெண்' என்ற விவரம். பின்பக்கம் ஜப்பானிய எழுத்து. அவளோடு வந்து அங்கேயே தங்கிப்போன தோழர்கள்தான் அதைச் செதுக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தாய்மொழியில் பொறிக்க வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? மாலையில் இந்தக் குன்றில் ஏறி, சூரியன் விழும் மேற்கைப் பார்த்து நிற்பாள் என்று உள்ளூரில் சொல்வார்கள். கடலுக்கு அப்பால், அவள் ஊரான ஐஸு வகமட்சுவின் மலையிலும் இதே கல்லின் நகல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள்.