தாத்தா பார்க்காத மேடை

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)

நான் ஜவ்வாது மலைக்காரன். எங்க ஊரில் சினிமாக் கொட்டகையும் இல்லை, நாடக அரங்கும் இல்லை. தாத்தா காலத்தில் சாமை மூட்டையைச் சுமந்து மலையிறங்கி விற்றுவிட்டு, போளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து பார்ப்பார்களாம். மைக் கிடையாது. "கடைசியில குந்திக்கினு இருக்கறவனுக்கும் கேக்கும்டா!" என்பார். நான் நம்பியதில்லை.

போன வருஷக் கல்விச் சுற்றுலாவில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனோம். அந்த வளாகத்திலேயே மியூசியம் தியேட்டர்! 1896-இல் எழுந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்ட்ரல் அருகே உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டியவரும் அவரே. அந்த ஹாலில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை தமிழ் நாடகங்களை நடத்தியது. மியூசியம் தியேட்டரிலோ வெள்ளைக்காரர் காலத்தில் பெரும்பாலும் ஆங்கில நாடகங்கள்தாம். இன்று தமிழ், ஆங்கிலம் இரண்டும் இங்கே மேடையேறுகின்றன. நூறு வயதைத் தாண்டியும் வேலை பார்க்கும் கட்டடம்!

நண்பர்கள் என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். என் மலைப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று வகுப்பிலேயே வாய் திறக்காதவன் நான். இரண்டு வருஷமும் ஆண்டு விழாவில் திரை இழுத்ததோடு சரி. நடுங்கிக்கொண்டே தாத்தா சொன்ன அந்த வரியை அவர் மாதிரியே சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த நண்பன், "கேக்குதுடா!" என்று கை தூக்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. சொன்னதை நம்பிவிட்டேன் என்று தெரிவிக்கத் தாத்தா இப்போது இல்லை.

செங்கல்லும் சுண்ணாம்பும் கட்டடத்தை நிற்க வைக்கும் என்று படிக்கிறோம். நிற்பது வேறு, வாழ்வது வேறு. ஆள் ஏறி ஆடினால்தான் மேடை. பூட்டி வைத்தால் அது குடோன். மனுஷன் குரலும் அப்படித்தான்!

இந்த ஆண்டு விழாவில் நான் திரை இழுக்கப் போவதில்லை. நாடகத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன், எங்க மலைப் பேச்சிலேயே. எல்லோரும் வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்... அந்த மைக்கை மட்டும் நிறுத்திவிடுங்கள்!