எண் தாளின் பின்புறம்



சென்னையில் ஜனவரி மாதத்தில் நடைபெற்ற அரை மாரத்தான் ஓட்டத்தில் நான் கலந்துகொண்டதைக் கேள்விப்பட்ட சிலர், "குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு ஓட்டப்பந்தயத்தில் என்ன வேலை?" என்று அன்போடு வினவினார்கள். அதற்குரிய விடையையும், ஓட்டத்துக்கு முந்தைய நாள் எக்ஸ்போ என்னும் கண்காட்சிக்குச் சென்றபோது கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மதரஸா ஆசிரியரின் வாழ்க்கை பாயில் அமர்ந்தே கழிவது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு வகுப்பு, அஸ்ருக்குப் பின் ஒரு வகுப்பு, மஃரிபுக்குப் பின் இன்னொன்று. நாற்பத்து மூன்றாம் வயதில் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. "இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள்" என்றார் மருத்துவர். நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. ஒன்றரை ஆண்டுகளில் 21.1 கிலோமீட்டர் ஓட முடியும் என்ற நம்பிக்கையை அல்லாஹ் தந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

ஓட்டம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடினார்கள், அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, இது அதற்கு ஈடு என்று கூறினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஸலமா பின் அல்அக்வஉ (ரலி) அவர்கள் கால்வேகத்துக்குப் பெயர் பெற்ற நபித்தோழர். ஒரு போரிலிருந்து திரும்பும் வழியில், தம்முடன் மதீனா வரை ஓடிப் பார்க்க யாருண்டு என்று அன்ஸாரி ஒருவர் அறைகூவல் விடுக்க, ஸலமா அவர்கள் நபியவர்களிடம் அனுமதி கேட்டு ஓடி வென்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. போட்டி இருந்தது, அனுமதி கேட்கும் அடக்கமும் உடன் இருந்தது.

இனி எக்ஸ்போவுக்கு வருகிறேன். ஓடுபவருக்குரிய எண் தாளை ஓட்டத்தன்று காலையில் தரமாட்டார்கள். முந்தைய நாட்களில் அடையாள அட்டையுடன் நேரில் சென்று பெற்றுக்கொள்ள வேண்டும். நானும் என் இளைய மகனும் லுஹர் தொழுதுவிட்டுச் சென்றோம். பெரிய மண்டபம், தூரத்துக்கு ஏற்பத் தனித்தனி வரிசைகள். பதிவுச் சீட்டைச் சரிபார்த்து எண் தாள், நான்கு ஊக்குகள், ஒரு பனியன், ஒரு பை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். எண்ணுக்குக் கீழே என் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

"அத்தா, உங்க பேரையே போட்டிருக்காங்க!" என்று மகன் வியந்தான். நெஞ்சில் பெயரை அணிந்து பல்லாயிரம் பேர் நடுவே ஓடுவது நஃப்ஸுக்கு இனிப்பானதுதான். நிய்யத்தை அங்கேயே ஒருமுறை புதுப்பித்துக்கொண்டேன்: யா அல்லாஹ், நீ அமானிதமாகத் தந்த இந்த உடலைப் பேணுவதற்காகவே ஓடுகிறேன்.

அந்தத் தாளின் பின்புறம் மெல்லிய பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் நேரத்தைக் கணக்கிடும் சிப். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் விரித்திருக்கும் விரிப்பை நாம் கடக்கும்போது கருவி அதனைப் படித்துக்கொள்கிறது. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டை அடையவே பத்து நிமிடங்கள் ஆகலாம். ஆயினும் அவருடைய கணக்கு அவர் கோட்டைக் கடந்த நொடியிலிருந்தே தொடங்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு. நம் தோள்களின் இருபுறமும் எழுதிக்கொண்டிருக்கும் வானவர்களை நினைத்துக்கொண்டேன்.

சிப்புக்கு அருகே சில கட்டங்கள் இருந்தன: இரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் பெயர், தொலைபேசி எண். பலரும் அதனை நிரப்பாமலே பையில் போட்டுக்கொண்டு போவதைக் கண்டேன். ஒரு மேசையில் எழுதுகோல் இரவல் வாங்கி நிரப்பினேன். மனைவியின் எண்ணை எழுதி முடித்ததும் கை சற்று நின்றது. அந்த அழைப்பு உண்மையிலேயே வீட்டுக்குப் போனால், அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்தக் கட்டத்துக்குள் அடங்குமா?

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடைய ஒரு முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்னும் நபிமொழியை நாம் அறிவோம். அதனை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அதைக் கேட்ட நாள் முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றார்கள். அன்றிரவு வீட்டில் என் வஸிய்யத்தை எடுத்துப் படித்தேன். மதரஸாவின் கட்டடச் செலவுக்காக இரு பெற்றோர் அந்த வாரம் என் கையில் கொடுத்திருந்த தொகையை அதில் சேர்த்தேன்; அது எந்த உறையில் இருக்கிறது என்பதை மனைவியிடம் காட்டினேன். ஓட்டத்துக்கான ஆயத்தங்களுள் எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது அதுவே.

மண்டபத்தின் மறுபாதி கடைத்தெருவேதான். காலணிகள், கைக்கடிகாரங்கள், காலுறைகள், சத்து மாவுகள், வலி போக்கும் தைலங்கள். ஒருபுறம் மேடையில் இசை முழங்க, நாங்கள் மறுபுறமாக ஒதுங்கி நடந்தோம். தள்ளுபடி விலையில் புதுக் காலணி வாங்கி மறுநாளே அணிந்து ஓடலாம் என்ற ஆசை அங்கு எல்லோருக்கும் வருகிறது. பழகாத காலணி கொப்புளத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பது ஓடுபவர்கள் அனைவரும் சொல்லும் பாடம். பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு: மெல்லும் வகைச் சத்து மிட்டாய்கள் சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, சேர்மானங்களையும் படித்த பின்னரே பிள்ளைகளிடம் கொடுங்கள். நான் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவுக்குச் செல்வார்கள், எதையும் வாங்கமாட்டார்கள், விலையும் கேட்கமாட்டார்கள். எதிர்ப்படுவோருக்கு ஸலாம் சொல்வதற்காகவே செல்வார்கள் என்று முவத்தாவில் வருகிறது. எனக்கும் அன்று ஒரு ஸலாமால்தான் பெரும் பயன் விளைந்தது. என் தொப்பியையும் தாடியையும் கண்டு நான்கு இளைஞர்கள் ஸலாம் கூறி அருகில் வந்தார்கள். கணினி நிறுவனங்களில் பணிபுரிபவர்கள்.

"ஹஜ்ரத், நீங்களும் ஓடறீங்களா? அப்ப ஒரு மஸ்அலா கேட்கணும். ஓட்டம் காலை 5 மணிக்கு. ஃபஜ்ருக்கு என்ன செய்யறது? முடிச்சிட்டு களா செஞ்சுக்கலாமா?"

இதே கேள்வி பல நாட்களாக என் மனத்தையும் குடைந்துகொண்டிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஃபஜ்ர் நேரம் ஏறத்தாழ 5.20க்குத்தான் நுழைகிறது; சூரியன் 6.30 மணியளவில் உதிக்கிறது. புறப்படுவதற்கு முன் தொழ முடியாது. ஏனெனில் நேரம் வந்திருக்காது. முடித்த பின்பும் தொழ முடியாது. என் வேகத்துக்கு 7.30 தாண்டிவிடும். நடந்தவாறே தொழும் சலுகை அச்சமான சூழலுக்கு உரியது. நாமே விரும்பிப் பணம் கட்டிச் சேர்ந்த ஓட்டத்துக்கு உரியதன்று.

"தம்பி, தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை. பதக்கத்துக்காக அதைத் தள்ளி வைக்க எனக்குத் துணிவில்லை. நின்று தொழுதுவிட்டு ஓடுவோம். ஐந்து நிமிடம் கூடினால் கூடட்டும்" என்றேன்.

"வழியில எங்க ஹஜ்ரத் நிக்கிறது?" என்றார் ஒருவர்.

அந்தக் கேள்விக்கு விடை எக்ஸ்போவிலேயே சுவரில் தொங்கியது. ஓட்டப் பாதையின் பெரிய வரைபடம் அது. தண்ணீர் தரும் இடங்கள், மருத்துவ உதவி, கழிப்பறைகள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. கணக்குப் போட்டோம். எங்கள் வேகத்தில் 5.35 அளவில் மெரினா கலங்கரை விளக்கத்தின் அருகே இருப்போம். அங்கே ஒரு தண்ணீர் நிலையம் இருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சற்றே வலப்புறம் திரும்பினால் கிப்லா. உதவி மேசையில் இருந்த பெண்மணியிடம் விவரம் சொன்னேன். அவர் முஸ்லிம் அல்லர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி கவுன்டருக்குப் பின்னாடி நடைபாதை இருக்கு சார். அங்க நின்னா யார் மேலயும் மோதமாட்டாங்க. அங்க இருக்கிற தன்னார்வலர்கிட்டயும் நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். அவருக்கு நேர்வழியும் நலமும் கிடைக்க துஆச் செய்தேன்.

பிறகு இளைஞர்களிடம் சில செய்திகளைச் சொன்னேன். வீட்டிலேயே உளூச் செய்துகொண்டு புறப்படுங்கள். ஓடுவதாலோ வியர்ப்பதாலோ உளூ முறியாது. முழங்கால் மறையும் உடை அணியுங்கள். காலணி சுத்தமாக இருந்தால் அதனுடனேயே தொழலாம். நபி (ஸல்) அவர்கள் காலணியுடன் தொழுததுண்டு.

மறுநாள் கலங்கரை விளக்கத்தின் அருகே நான் ஒதுங்கியபோது நால்வரும் அங்கே நின்றிருந்தார்கள். முகம் தெரியாத மூவர் எங்களைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்தி ஸஃப்பில் சேர்ந்தார்கள். சிறிய சூராக்களை ஓதித் தொழவைத்தேன். ஸஜ்தாவில் நெற்றி குளிர்ந்த கல்லைத் தொட்டபோது, மூச்சிரைப்பும் மெல்ல அடங்கியது. தன்னார்வலர் ஒருவர் ஸலாம் கொடுக்கும்வரை காத்திருந்து எங்களுக்குத் தண்ணீர் நீட்டினார். முழு ஓட்டத்துக்கு எனக்கு ஆன நேரம் 2 மணி 51 நிமிடம். அதில் தொழுகைக்கான நிமிடங்களும் அடக்கம். அவற்றைக் கழித்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

வலிமையான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்று நபியவர்கள் கற்பித்தார்கள். எங்கள் ஹிஃப்ழ் மாணவர்கள் நாள் முழுதும் அமர்ந்தே ஓதுகிறார்கள். அவர்களுக்கு அஸ்ருக்குப் பின் அரை மணி நேரம் திடலில் ஓட நிர்வாகத்தார் இப்போது இசைந்திருக்கிறார்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய ஓட்டங்களில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். எக்ஸ்போவுக்கு உடன் செல்லுங்கள். வரைபடத்தின் முன் நின்று, "ஃபஜ்ர் எந்தக் கிலோமீட்டரில்?" என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். எண் தாளின் பின்புறத்தை உங்கள் முன்னிலையில் நிரப்பச் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் உடல்களுக்கு ஆஃபியத்தையும், தொழுகைகளில் பேணுதலையும், கணக்குகளில் தூய்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.