துப்பாக்கி எங்கே வாங்குவது?

மக்காச்சோளத்தில் மணி பால் பிடித்து முற்றத் தொடங்கும் அந்த இருபது நாளும் காட்டுப்பன்றிக்குத் திருவிழா. படைப்புழுவுக்கு இரண்டு முறை மருந்தடித்து, உரம் வைத்து, களையெடுத்துக் காப்பாற்றிய பயிர் அந்த இருபது நாளைத் தாண்டினால்தான் வீடு வந்து சேரும். சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகும் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்த ஒரு விவசாயிக்கு ஒரே இரவில் கால் ஏக்கர் போய்விட்டது. பன்றி தின்றது கொஞ்சம்தான். சாய்த்தும் மிதித்தும் போட்டதுதான் அதிகம். அடுத்த வயல் ஆலைக் கரும்பு. பகலெல்லாம் கரும்புக்குள் படுத்துக் கிடக்கும் கூட்டம் இருட்டியதும் வரப்பைத் தாண்டி வருகிறது. விதைப்புச் செலவுக்கு மனைவியின் நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்திருக்கிறார். அறுவடையில் மீட்பதாகக் கணக்கு.

காலையில் வரப்பில் நின்ற மனிதருக்கு மனதில் ஓடியது ஒன்றுதான்: ஒரு துப்பாக்கி வாங்கிவிட வேண்டும். அன்று மாலைக்குள் மூன்று பேர் மூன்று வழி சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், "டவுன்ல துப்பாக்கிக் கடை இருக்குது, போய்க் கேளு" என்றார். மைத்துனன் செல்போனை நீட்டி, "மாமா, ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடும், பாருங்க" என்றான். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிவரும் மேஸ்திரி தனியாக அழைத்துப் போய், "அண்ணே, நமக்குத் தெரிஞ்ச ஆளுகிட்ட ஒண்ணு இருக்குது. யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்" என்று காதோடு சொன்னார்.

கடையா, செல்போனா, தெரிந்த ஆளா என்று யோசிக்கத் தோன்றுவது இயல்புதான். மருந்தும் விதையும் வாங்கும்போது இப்படித்தானே யோசிக்கிறோம். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் எந்த வழியில் போனாலும் முதலில் கலெக்டர் அலுவலகத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். அந்த உரிமம் கையில் இல்லாதவருக்கு மூன்று வழியும் இல்லை.

முதலில் கடை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அரசு உரிமம் பெற்ற வியாபாரி மட்டுமே துப்பாக்கி விற்கலாம். வாங்குகிறவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். கடைக்காரர் அசல் உரிமத்தைப் பார்த்து, துப்பாக்கியின் எண்ணை அதில் பதிந்து, தன் பதிவேட்டிலும் எழுதிய பிறகுதான் பொருளைக் கையில் கொடுப்பார். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவருக்குச் சட்டம் முதலில் சொல்வது குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் தருபவர் கருதினால் மட்டும் வேறு வகைக்கு அனுமதி தரலாம். எந்த ஊரில், எவ்வளவு நிலத்தில் என்ன சாகுபடி என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். உடல்நலம், மனநலம் சரியாக இருப்பதாக மருத்துவர் சான்று வேண்டும். போலீஸ் நிலையத்திலிருந்து அறிக்கை போக வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். இத்தனையும் முடிந்து கையில் துப்பாக்கி வரும்போது இந்த மக்காச்சோளம் மட்டுமல்ல, அடுத்த போகமும் முடிந்திருக்கலாம்.

அடுத்தது செல்போன். மைத்துனன் காட்டிய படத்தில் பளபளவென்று இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பாதி விலை, முன்பணம் அனுப்பினால் மூன்று நாளில் வீட்டில். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. நிஜத் துப்பாக்கி கூரியரில் வீட்டு வாசலுக்கு வராது. உரிமம் பெற்ற வியாபாரி இணையத்தில் படமும் விலையும் போட்டிருந்தாலும், உரிமத்தைக் காட்டிச் சட்டப்படி பதிந்துதான் பொருளை ஒப்படைக்க முடியும். "ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன், துப்பாக்கியை விற்கிறேன்" என்று பேசுபவர்கள் பைக்கும் அப்படித்தான் விற்கிறார்கள், பால்மாடும் அப்படித்தான் விற்கிறார்கள். பணம் போனபின் எண் அணைந்துவிடும். அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். ஆனால் துப்பாக்கிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் எந்த முகத்தோடு புகார் சொல்வார்? மோசடிக்காரன் நம்பியிருப்பதும் அந்தக் கூச்சத்தைத்தான்.

இணையத்தில் உண்மையாகவே வந்து சேர்வது இரண்டு. ஒன்று, ஏர்கன். 4.5 மில்லிமீட்டர் அதாவது .177 அளவுக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் அதற்கும் உரிமம் உண்டு. உரிமம் வேண்டாத ஏர்கன் பன்றித் தோலில் என்ன செய்யும்? காயப்படுத்தும், அவ்வளவுதான். காயம்பட்ட ஒற்றைப் பன்றி மறுநாள் கரும்புத் தோகை உரிக்கப் போகிற பெண்கள் மீது பாயும். அதே ஏர்கன்னை மயில் பக்கம் திருப்பினால் கதை வேறு. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

இரண்டாவது, பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கி. குரங்கையும் பறவையையும் விரட்டும் கருவி என்று சந்தையிலும் விற்கிறார்கள், செல்போனிலும் விற்கிறார்கள். மாங்காயைப் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிற அதே கல்தான் இதற்கும் மருந்து. கல்லில் தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன் வாயு கிளம்பும்; பொறி பட்டால் வெடிக்கும். எப்போது வெடிக்கும், குழாய் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் நொடியில் வெடிப்பதுதான் இதன் குணம். 2025 தீபாவளியின்போது போபாலிலும் மத்தியப் பிரதேசத்தின் வேறு ஊர்களிலும் இதை வேடிக்கையாக வெடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் சிறுபிள்ளைகள். சிலருக்குப் பார்வையே போனது. வயலுக்கென்று வாங்கிய பொருள் வீட்டுத் திண்ணையில் கிடந்தால் பிள்ளைகள் எடுக்காமல் இருப்பார்களா?

இனி மேஸ்திரி சொன்ன வழி. அந்த விவசாயியின் மனம் அதிகம் சாய்ந்ததும் இதன் பக்கம்தான். அலைச்சல் இல்லை, மனு இல்லை, பணத்தைக் கொடுத்தால் அன்று இரவே கையில் இருக்கும்.

தனி ஆளிடம் துப்பாக்கி வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உரிமம் வைத்திருப்பவர் தன் சொந்தத் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் யாருக்கு விற்கப் போகிறார் என்பதைப் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். "யாருக்கும் தெரியாம" என்ற சொல் வந்த இடத்திலேயே அது இந்த வகை விற்பனை இல்லை என்று தெரிந்துவிடுகிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகமாக ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். கள்ளத்தனமாகச் செய்து விற்கிறவனுக்கு ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகும். நாளைக்கு விற்றவன் பிடிபட்டால், வாங்கியவர்கள் பெயரைச் சொல்லாமல் விடுவானா?

ஜெயில் ஒரு பக்கம். அந்தத் துப்பாக்கியே ஆபத்து. தண்ணீர்க் குழாயையும் இரும்புக் கம்பியையும் பற்றவைத்துச் செய்த பொருள். கரிமருந்து கூடிப்போனால் குழல் பின்பக்கம் பிளந்து, சுட்டவர் முகத்திலேயே அடிக்கும். செய்தவர் பெயரில்லை, எண்ணில்லை, சோதித்த முத்திரையும் இல்லை. இரவில் கரும்பு அசைகிறது என்று சுட்டால், அசைந்தது பன்றிதானா? கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டு நடக்கும் வயல்களில் வெளியூர் ஆட்கள் குடும்பத்தோடு கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். விடியுமுன் ஒதுங்கப் போகிறவர்கள் உண்டு, மோட்டார் போடப் போகிறவர்கள் உண்டு. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தி தமிழ்நாட்டில் ஒரு முறை வந்து நின்றுபோனதில்லை.

இங்கே பரணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. உரிமக்காரர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும். "நம்ம வீட்டுப் பொருள்தானே" என்று பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள். உரிமம் தாத்தா பெயரில். அவரோடு அதுவும் முடிந்தது. அப்படிப்பட்ட துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யலாம், விற்றுவிடவும் செய்யலாம். ஒப்படைப்பதால் சொத்து போய்விடாது. பரணிலேயே விட்டுவைத்தால்தான் வழக்கு வரும்.

சரி, கலெக்டர் அலுவலகம் ஏறி இறங்கி, எல்லாம் முறைப்படி வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பன்றியைச் சுடலாமா? முடியாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி பெறாமல் சுட்டால் அது வேட்டை. ஆயுதச் சட்டம் பயிரைக் காக்க என்று துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறது. வனச் சட்டம் சுடாதே என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிறு விவசாயி நிற்கிறார். வானத்தை நோக்கி ஒரு வெடிச் சத்தம் போடத்தான் அந்தத் துப்பாக்கி உதவும். அதற்கு இத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வழி இல்லை.

இங்கே இருப்பது 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். சுடுவது அவர்கள்தான், விவசாயி அல்ல. நம் நிலம் எந்தத் தூரத்தில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்து என்ன கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சேத்தியாத்தோப்பு போன்ற சமவெளி ஊர்களில் இதை விசாரிக்காமல் இருப்பது கையில் இருக்கிற வழியை விட்டுவிடுவது போல. மனு கொடுத்த மறுநாளே ஆள் வந்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பத்துப் பேர் சேர்ந்து, சர்வே எண்களோடு, ஊராட்சி மூலமாகக் கொடுத்த மனுவுக்குத் தனி ஆள் மனுவைவிட எடை அதிகம்.

அந்த விவசாயி மேஸ்திரிக்குப் பதில் சொல்லாமல் இரண்டு நாள் கடத்தினார். மூன்றாம் நாள் மனைவி கேட்டார்: "உள்ள போயிட்டா நகையை யாரு மீட்பா?" அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாய்ந்த பயிரை அப்படியே விட்டு வைத்து, கால் தடம் தெரியப் படம் எடுத்தார். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் வனக்காப்பாளரும் வந்து பார்த்து எழுதிய பிறகே அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார். இதில் பலர் அவசரப்பட்டு வயலைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். பிறகு இழப்பீட்டுக்குக் காட்ட எதுவும் இருப்பதில்லை. மீதி வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினார். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, வாசனையால் பன்றியை விரட்டும் மருந்தை வரப்போரம் கட்டித் தொங்கவிட்டார். இவை எதுவும் நிரந்தரமில்லை. பன்றி நாலைந்து நாளில் பழகிக்கொள்ளும். சேலையின் இடத்தையும் விரட்டியின் வகையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் விடலாம் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் அவர் கோபப்பட்டுக் கத்திவிட்டார். பக்கத்து ஊரில் அப்படி ஒரு வேலியில் விழுந்தது பன்றி இல்லை.

பக்கத்து நான்கு வயல்காரர்களும் முறை போட்டு, இரண்டு இரண்டு பேராகப் பரணில் உட்கார்ந்து டார்ச்சும் தகரமுமாகப் பதினெட்டு இரவு காவல் இருந்தார்கள். இன்னொரு முறையும் பன்றி வந்தது. வரப்போரம் ஏழெட்டுப் பாத்தி போனது. நகையில் பாதி மீண்டது, பாதி சங்கத்திலேயே இருக்கிறது. அடுத்த போகத்துக்கு அவர்கள் இப்போதே இரண்டு விஷயம் பேசி வைத்திருக்கிறார்கள். நான்கு வயலிலும் ஒரே வாரத்தில் விதைப்பது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்குப் புல்பூண்டு இல்லாமல் வெட்டி வெளியாக வைப்பது. கரும்புக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தடியில் எத்தனை டன் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.