குழித்தறி இருந்த இடம்

கல்லூரியை விட்டு நீங்கியோர் நம் சஞ்சிகைக்கு எழுதுங்கால் தீர்த்த யாத்திரையையோ கடல்கடந்த பிரயாணத்தையோ வருணிப்பதே பெருவழக்கு. யாம் எழுதப் புகுந்தது, ஓர் இரும்பு யந்திரம் கோயமுத்தூரிலிருந்து திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்த கதையும், அஃது எம் இல்லத்தில் காலூன்றுமுன் யாம் பட்ட பாடுமே. அன்பர்கள் பொறுத்தருள்க.

நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர் பலர் வாழும் பகுதி. எம் வீட்டின் முன்கட்டிலும் ஒரு குழித்தறி இருந்தது. எந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் அமர்ந்து நெய்தார். அவர் கண்ணொளி குன்றியபின் தறியைப் பிரித்து, குழியை மண்ணிட்டு மூடித் தளமும் பாவினோம். எம் தமையனார் நாடா பிடிக்கவில்லை, அரம் பிடித்தார். பூட்டுப் பட்டறைகளுக்கு வேண்டிய உறுப்புக்களைச் செய்து கொடுப்பதே அவர் தொழில். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதைப் பலரும் அறிவர். அப்பூட்டின் சாவிப் பற்களை அரத்தால் ராவி ராவி ஒருவன் மணிக்கட்டு என்னவாகும் என்பதை அறிந்தோர் சிலர். தமையனாருக்கு வலக்கை மரத்துப் போகத் தொடங்கிற்று. வைத்தியர் அரத்தை விடச் சொன்னார். அரத்தை விட்டால் அடுப்பு எரியாது. ஆகவே அண்ணியாரின் நகைகளை அடகு வைத்துப் பழைய மில்லிங் யந்திரமொன்றை வாங்கத் துணிந்தோம்.

கடைசல் யந்திரத்தில் வேலைப்பொருள் சுழல, உளி அதைச் சீவும். மில்லிங் யந்திரத்திலோ பல பற்களுடைய வெட்டுக்கருவியே சுழலும். பொருள் மேசையோடு நகர்ந்து அதனிடம் செல்லும். 1862-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிராவிடென்ஸ் நகரத்து ஜோசப் பிரௌன் என்பார் இதில் ஒரு புதிய வகையை அமைத்தார். துளையிடும் கருவிகளின் முறுக்குப் பள்ளங்களைத் தொழிலாளர் அரத்தால் ராவி வந்த சிரமமே அதற்குக் காரணமாயிற்றென்பர். இதை யாம் படித்துச் சொன்னபொழுது தமையனார், “அவர்களுக்கும் கை மரத்திருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

யந்திரத்தின் எடை ஏறக்குறைய 900 கிலோ. மேசையைத் தாங்கும் பகுதியை அடிவரை இறக்கி, தலையைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்டினால்தான் பாரம் தாழ்ந்து நிற்கும். அங்ஙனமே செய்து லாரியில் ஏற்றினோம். பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக இரவெல்லாம் ஊர்ந்து விடியலில் வந்து சேர்ந்தோம். எம் தெருவுக்குள் லாரி நுழையாது. எஞ்சிய தூரத்தை இரும்புக் குழாய்களின்மேல் உருட்டியே கடந்தோம். பின்னே விடுபடும் குழாயை எடுத்து முன்னே இடுவதும், கடப்பாரையால் நெம்புவதுமாக நண்பகல் ஆயிற்று. இடையில் ஒவ்வொரு திண்ணையிலிருந்தும் ஓர் ஆலோசனை இலவசமாகக் கிடைத்தது.

வாயிற்படியில்தான் விபத்து நேர இருந்தது. பலகைச் சரிவின்மேல் ஏற்றுகையில் ஒரு பலகை பிளந்து, யந்திரம் பக்கவாட்டில் சாய்ந்தது. எமக்கு அறிவு எங்கே போயிற்றோ, அதைத் தாங்கக் கையை நீட்டினோம். தமையனார் எம் கையை ஓங்கியடித்து அப்பால் தள்ளினார். யந்திரம் நிலைக்கதவின் மரத்தில் மோதி நின்றது. மரத்தில் பதிந்த வடு இன்றும் உளது. “விழுந்தால் இரும்பு, வேறு வாங்கலாம்” என்று சொல்லிய அவர் உதடு வெளுத்திருந்தது. நகைகளின் கணக்கை அவரினும் நன்கறிந்தவர் ஒருவருமிலர்.

மும்முனை மின்சாரம் வரச் சில வாரங்கள் சென்றன. முதன்முறை விசையைத் தட்டியபொழுது மோட்டார் எதிர்ப்புறம் சுழன்றது. மூன்று கம்பிகளுள் இரண்டை மாற்றிக் கட்டவே நேராயிற்று. சுழல்தண்டில் டயல் மானியைப் பொருத்தி, மேசையைச் சுற்றி அதன் முள்ளை ஓட்டி, தலை செங்குத்தாய் நிற்கும்படி திருத்தினோம். பிழை 0.02 மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று. தமையனார் அன்றிரவு வயிறார உண்டார்.

மூன்றாம் வாரம் கெட்டது காரியம். வெட்டிய முகங்களில் அலையலையாய்த் தழும்பு விழுந்தது, யந்திரம் நடுங்கியது. வெட்டுக்கருவியை மாற்றினோம், பெல்ட்டை மாற்றினோம், விற்றவனை வைதோம். பயனில்லை. அதுவரை யந்திரத்தின் அருகே வாராதிருந்த எந்தையார் ஒருநாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, வெறுங்காலால் தளத்தை மிதித்துப் பார்த்தார். அவர் சௌராஷ்டிரத்தில் சொன்னதைத் தமிழில் தருகின்றோம்: “இந்த மூலை என் மிதிகட்டையின் மேலல்லவா இருக்கிறது!”

ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். குழியை மூடிய மண் அமுங்கித் தளம் தாழ்ந்திருந்தது. யந்திரம் மூன்று மூலைகளில் நின்று நான்காவதில் தொங்கியது. படித்தவன் என்று பெயரெடுத்த எமக்கு, யாமே மண் கொட்டிய குழி நினைவுக்கு வரவில்லை. யந்திரத்தை மறுபடியும் நகர்த்திக் குழியைத் தோண்டினோம். அடியில், எந்தையார் குதிகாலை ஊன்றிவந்த கல் வழவழப்பாய்க் கிடந்தது. அதனை எடுத்துவிடலாமா என்று தமையனார் கேட்டார். “கெட்டியான கல்தானே, கிடக்கட்டும்” என்றார் கிழவர். கல்லின்மேலேயே கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்பினோம்.

கான்கிரீட் உரிய உறுதி பெற 28 நாள் என்பது கணக்கு. அந்நாட்களில் தமையனார், கொடுத்த வாக்கைக் காக்க, மரத்த கையோடு மீண்டும் அரத்தைப் பிடித்தார். இரவில் அவர் கையை வெந்நீரில் வைத்திருப்பதை யாம் காணாதவர்போல் இருந்தோம். காலையும் மாலையும் தளத்துக்கு நீர் தெளிக்கும் வேலையை எந்தையார் தாமே எடுத்துக்கொண்டார். வேறு யாரையும் விடவில்லை.

இப்பொழுது யந்திரம் நடுங்குவதில்லை. நகைகளில் பாதி மீண்டுவிட்டன. ஞாயிறுதோறும் ரசமட்டத்தை மேசைமீது வைப்பவர் எந்தையாரே. கண் தெரியாமையால், குமிழி எங்கே நிற்கிறதென்று எம்மைக் கேட்பார். நடுவில் என்போம். இன்னொருமுறை பார் என்பார்.